வாடிப்பட்டியிலிருந்து ஒரே ஒரு பெயர்

உக்காருங்க பாப்பா. அந்த மர நாற்காலி வேணாம், பிளாஸ்டிக் நாற்காலியில உக்காருங்க. மர நாற்காலிக்குப் பின்னங்கால் ஒடிஞ்சு கம்பி சுத்தி வச்சிருக்கு. தானா ஒடியல. பெருமாள்சாமி முதுகுல ஒடிஞ்சது. அவனைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. எனக்குக் காது மந்தம். இருபத்தெட்டு வருசமா மாவுமில்லு ஓட்டுறேன், காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் கடகடன்னு மிசினு பக்கத்துலயே நின்னா காது என்னத்துக்கு ஆகும்? ஆனா ரேடியோ மட்டும் கேக்கும். அது எப்படின்னு கேக்காதீங்க, கேக்கும்.

தண்ணி குடிக்கணும்னு அடுப்படிக்குப் போனீங்களே, பத்து நிமிசம் ஆச்சே வெளிய வர. எங்க வீட்டுல உங்ககிட்ட என்னமும் பேசுனாளா? பேசியிருக்க மாட்டா. அவ பேசுற ஆளு இல்ல. வந்ததும் வராததுமா ‘அம்மா இருக்காங்களா’ன்னு வேற கேட்டீங்க. அவ எதுக்கு? பழைய நேயர்கள்கிட்டக் கருத்துக் கேக்கணும்னுதானே கம்பெனியிலருந்து உங்களை அனுப்பிச்சிருக்காங்க? அப்ப அதைச் சொல்ல வேண்டியவன் நான். வாடிப்பட்டி நேயர் மன்றத்துத் தலைவரு நான். கோட்டைச்சாமி. மாவுமில் கோட்டைச்சாமின்னா உங்க ஆபீஸ்ல தெரியாத ஆளு இருக்க மாட்டாங்க.

தெரியும்ல? ஆங். தெரியும்.

உங்க செவ்வந்தி சேனல் ஆரம்பிச்ச அன்னைக்கே ரேடியோ வாங்குனவன் நான். வானத்துல சாட்டிலைட்டு நிக்குதாம், அதுலருந்து பாட்டு நேரா நம்ம மாடிக்கு இறங்குதாம். மாடியில சதுரமாத் தட்டு ஒண்ணு வச்சு, அதை வானத்துப் பக்கம் சரியாத் திருப்பி வைக்கணும். ஒரு விரக்கடை நகந்தாலும் பாட்டு நின்னுரும். காக்கா உக்காந்தாலும் நின்னுரும். எத்தனை காக்காயைக் கவட்டை வச்சு அடிச்சிருக்கேன் தெரியுமா? இப்ப எங்க தெருவுல காக்காயே வர்றதில்ல. அமாவாசைக்குச் சோறு வைக்கிறவங்க அடுத்த தெருவுக்குப் போறாங்க.

கருத்துன்னு கேட்டீங்கள்ல, எழுதிக்கங்க. பழைய பாட்டுன்னா முதல்ல வர்ற இசை இருக்கு பாருங்க, குரல் வர்றதுக்கு முன்னாடி, அது மேல பேசக் கூடாது. அது சாமிக்குத் திரை போட்டிருக்கிற நேரம். அந்த நேரத்துல இப்ப வந்திருக்கிற புள்ள, பேரு என்ன எழவோ, ‘ஹலோ ஹலோ என்ன சாப்டீங்க’ங்குறா. நான் என்ன சாப்பிட்டா உனக்கென்ன? எழுதினவரு பேரு சொல்லணும், இசை அமைச்சவரு பேரு சொல்லணும், எந்த வருசம்னு சொல்லணும். சொல்றதில்ல. அப்புறம் கம்ப்யூட்டரு நாப்பது பாட்டை வச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தி அதையே போடுது. செவ்வாக்கிழமை போட்டதை வியாழக்கிழமை போடுது. ஒருநாள் காலையில கேட்ட பாட்டே மத்தியானமும் வந்துச்சு, ரேடியோவைத் தூக்கிச் செவுத்துல அடிச்சேன். மூலையில விரிசல் தெரியுதுல்ல, அது அதுதான்.

நான் கை நீட்டுற ஆளு கிடையாது. ஆனா தப்பு நடந்தாப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்.

ஞானவரதன் ஐயா மைக்குல இருந்த வரைக்கும் இதெல்லாம் கிடையாது. மத்தியானம் ரெண்டுலருந்து மூணு வரைக்கும் ‘கேட்டபடி’. நேயரு கேட்ட பாட்டு, நேயரு பேரோட. முன்ன அவரு வேற வானொலியில இருந்தாரு, அங்க பதினஞ்சு வருசம், அப்புறம் உங்க சேனல்ல ஆறு வருசம். இருபத்தோரு வருசமும் நான் அவரு கூடவே வந்தேன். என்னா குரலு! ஒரு சொல்லு சொன்னாருன்னா, அடுத்த சொல்லு வர்றதுக்குள்ள நம்ம மூச்சை நிறுத்தி வச்சுக்குவோம். பாட்டு முடிஞ்சதும் உடனே பேச மாட்டாரு. ஒரு நிமிசம் சும்மா விடுவாரு. அந்தச் சும்மா இருக்கே, அது இப்ப எவனுக்குத் தெரியுது?

அப்புறம் என் பேரு. அதைச் சொல்லணும் பாப்பா.

இந்தக் கையைப் பாருங்க. பத்தொம்பது வயசுல மில்லு பெல்ட்டுல மாட்டுனது. கட்டைவிரல்ல பாதி, பக்கத்து ரெண்டு விரலு, சுத்தமா போச்சு. அன்னையிலருந்து இந்த ஊர்ல எவனும் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. ‘ஏ முடவிரலு’ம்பானுக. எங்கப்பாவே அப்படித்தான் கூப்பிட்டாரு, சாகுற வரைக்கும். முதமுதல்ல ஒருநாள் ரேடியோவுல, ‘வாடிப்பட்டியிலிருந்து திரு. மாவுமில் கோட்டைச்சாமி அவர்கள்’னு ஞானவரதன் ஐயா சொன்னாரு. திரு. அவர்கள். நான் கோதுமை மூட்டை மேல உக்காந்து அழுதேன். மாவு அரைக்க வந்த பொம்பளைக எல்லாம் பாத்தாளுக, இருந்தாலும் அழுதேன்.

அதுலருந்து வாரம் ரெண்டு கார்டு போட்டுருவேன். மத்தவங்கெல்லாம் போன்ல கேப்பாங்க, எனக்கு அது பிடிக்காது, கார்டுதான். கார்டுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல ஊரு. அப்புறம் குடும்பத் தலைவரு பேரு, அதாவது நானு. அடுத்து மனைவி, மகன். அதுக்கடுத்து மன்றத்து ஆளுக. வரிசை மாறவே கூடாது. ஐயாவும் அதே வரிசையில வாசிப்பாரு, ஒருத்தரையும் விட மாட்டாரு.

எழுதுறது எங்க வீட்டுலதான். எனக்குத்தான் பேனா நிக்காதே. நான் சொல்லச் சொல்ல அவ எழுதுவா. ஆனா அதை அவ எழுதுறதுன்னு சொல்ல முடியாது பாருங்க, நான் எழுதுறது. கை மட்டும்தான் அவளோடது. ரொம்ப அழகா விழும் என் எழுத்து. மன்றத்துல எல்லாரும் பாராட்டுவாங்க. எட்டாவதோட நிப்பாட்டின பொம்பள, அவளா ஒரு வரி எழுதச் சொன்னா ஒண்ணும் வராது. எழுதுறதுக்கு என்ன இருக்கு அவகிட்ட?

ரெண்டு மணி ஆனா இந்த வீட்டுல ஊசி விழக் கூடாது. மில்லை நிறுத்திருவேன். குக்கரு வைக்கக் கூடாது, பாத்திரம் கழுவக் கூடாது, யாரும் கதவைத் தட்டக் கூடாது. அவ அந்த நிலைப்படிக்கிட்ட உக்காந்து கேப்பா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அப்படியே செலையாட்டம். அவ்வளவு ரசனை. ஆரம்பத்துல அந்த ரசனை கிடையாது. கல்யாணமான புதுசுல ஒருநாள் பாட்டு கூடவே முணுமுணுத்துட்டா. சொம்பை எடுத்து எறிஞ்சேன். புருவத்துல மூணு தையல். அதுக்கப்புறம் இத்தனை வருசத்துல ஒரு தடவை முணுமுணுத்தது இல்ல. பழக்கினாப் பழகிக்குவாங்க.

மகன்தான் பழகல. சுதாகரு. ஐயா பேசிக்கிட்டு இருக்கும்போது செல்போன்ல புதுப்பாட்டைப் போட்டான். ஒரே ஒரு அறைதான் விட்டேன், இந்த முடக்கையில. ரத்தம் வந்துச்சு காதுலருந்து. டாக்டரு இடது காது திரும்பாதுன்னுட்டாரு. எனக்கும் இடதுதான் ரொம்ப மந்தம். அப்பனும் மகனும் ஒண்ணு போல ஆயிட்டோம்னு நினைச்சுக்குவேன். இப்பத் திருப்பூர்ல இருக்கான். போன் போட்டா எடுக்க மாட்டான். காது கேக்கலையோ என்னமோ.

ஏன் பாப்பா எழுதாம நிப்பாட்டிட்டீங்க? இதெல்லாம் கருத்துதான். எழுதுங்க.

பெருமாள்சாமி கதைக்கு வர்றேன். நேயர் மன்றத்து ஆண்டு விழா, இங்கதான், மில்லு வாசல்ல பந்தல் போட்டு. பஸ்ஸ்டாண்டுல பழக்கடை வச்சிருக்கானே, அவன்தான் பெருமாள்சாமி, மன்றத்துச் செயலாளரு. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, ‘ஞானவரதனுக்கு வயசாயிருச்சு, குரல்ல பிசிறு அடிக்குது, பேரு வாசிக்கிறதுலயே அரை மணி நேரம் போகுது, புது ஆளுகளுக்கு வழி விடணும்’னான். எல்லாருக்கும் முன்னாடி. என் பந்தல்ல. நான் எந்திரிச்சேன். உக்காந்திருந்த நாற்காலியோடயே எந்திரிச்சேன். ரெண்டு போடு. மொத போட்டுல நாற்காலிக் காலு, ரெண்டாவது போட்டுல அவன் தோள்பட்டை எலும்பு. பந்தல்ல இருந்தவன் எல்லாம் ஓடிட்டான். கேசரி அப்படியே கிடந்துச்சு அண்டா நிறைய.

ஆனா பாருங்க, பெருமாள்சாமி சொன்னது பொய்யில்ல. அது எனக்கே தெரியும். பிசிறு அடிச்சுச்சுதான். நானே ஐயாவுக்கு நாலு பக்கம் எழுதிப் போட்டேன், பாட்டு ஆரம்பத்துல லேசா இருமுறீங்க, சுக்கு வாயில போட்டுக்கங்கன்னு. நான் சொல்லலாம். அவன் எப்படிச் சொல்லலாம்?

அதுக்கப்புறந்தான் வந்துச்சு அந்த வினை.

போன சித்திரையில மாடியில தட்டு வச்சிருந்த ஸ்டாண்டு ஒடிஞ்சு போச்சு. ஒருநாள் கரகரன்னு சத்தம் வந்துச்சுன்னு நான்தான் ஒரு உதை விட்டேன். வேற ஸ்டாண்டு அந்தத் தட்டுக்குப் பொருந்தல. அதனால ரெண்டு மணிக்கு எங்க வீட்டுல அவ மாடிக்குப் போய்த் தட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பா. மூணு மணி வரைக்கும். அசையாம நிப்பா, அதைச் சொல்லணும். முதல் நாள் கொஞ்சம் ஆடுனா. கீழ இருந்து ஒரு சத்தம் போட்டேன், அப்புறம் ஆடல. சித்திரை வெயில்தான். தலையில துண்டை நனைச்சுப் போட்டுக்கச் சொன்னேன். நானும் மனுசன்தானே.

இல்ல, மாடியில பாட்டு கேக்காது. ரேடியோ இங்கல்ல இருக்கு.

அப்படி ஒரு பத்து நாள் போயிருக்கும். ரெண்டரை மணி. மன்றத்து ஆளுக நாலு பேரு என்கூட உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கோம். ஐயா கார்டை வாசிக்கிறாரு. ‘வாடிப்பட்டியிலிருந்து’ன்னாரு. நான் நிமிந்து உக்காந்தேன். சட்டைக் காலரைக் கூடச் சரி பண்ணிக்கிட்டேன். அடுத்து என்ன வரணும்? திரு. மாவுமில் கோட்டைச்சாமி. அதானே வரிசை? ‘பஞ்சவர்ணம்’னாரு.

அவ்வளவுதான். பஞ்சவர்ணம். எங்க வீட்டுக்காரி பேரு. முன்னாடி ஒண்ணும் இல்ல, பின்னாடி ஒண்ணும் இல்ல. என் பேரு இல்ல. மாவுமில்லு இல்ல. மன்றம் இல்ல. ‘வாடிப்பட்டியிலிருந்து பஞ்சவர்ணம்.’ அதைச் சொல்லிட்டு அந்தச் சும்மாவையும் விட்டாரு, ஒரு நிமிசம். அப்புறம் ‘இந்தப் பாடல் உங்களுக்காக மட்டும்’னு சொல்லிப் பாட்டைப் போட்டாரு.

நாலு பேரும் என்னையப் பாக்குறானுக. ஒருத்தன் சொல்றான், ‘தலைவரே, உங்க பேரை வெட்டிட்டாரே’ன்னு. சிரிச்சானா சிரிக்கலையான்னு எனக்குத் தெரியாது. காதுல ஒண்ணும் விழல. மிசினு ஓடுற மாதிரியே இருந்துச்சு தலைக்குள்ள.

மாடிக்குப் போனேன். தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது, கீழ என்ன நடந்துச்சுன்னு. அன்னைக்குன்னு பாத்து மில்லுல பழைய பெல்ட்டு அறுந்து, மாத்துறதுக்காக என் கையில இருந்துச்சு. கையில இருந்ததுதான் பாப்பா, நான் தேடி எடுக்கல. ‘ரேடியோவுல ஒம் பேரு மட்டும் வருது. நீ எழுதினியா’ன்னு கேட்டேன். எழுதியிருக்க மாட்டா, அது எனக்குத் தெரியும், நான் சொல்லாம அவ எப்படி எழுதுவா? ஆனா வெட்டுப்பட்டது என் பேருதானே. அந்தக் கோவத்தை எங்க கொண்டு போய்க் கொட்டுறது? எத்தனை போட்டேன்னு எண்ணல. தட்டை மட்டும் விடல அவ, நெஞ்சோட அணைச்சுக்கிட்டுச் சுருண்டு உக்காந்துட்டா.

இதுல கூத்து என்ன தெரியுமா? அடி விழுந்துக்கிட்டு இருக்கு, அப்பக் கேக்குறா, ‘என்ன பாட்டு போட்டாரு?’ன்னு.

ரெண்டு தடவை கேட்டா. என்ன பாட்டு போட்டாருன்னு. எப்படிப்பட்ட ஆளு பாருங்க! அந்த நேரத்துலயும் பாட்டுதான் அவளுக்கு. நான்தான் பழக்குனேன். சொல்லல நான். எனக்கே ஞாபகம் இல்ல. பேரு போன அதிர்ச்சியில பாட்டை எவன் கேட்டான்?

அன்னைக்கே யோசிச்சுப் பாத்தேன். இது ஐயா வேலைதான். இருமுறீங்கன்னு நான் எழுதுனதுக்குப் பழி வாங்கிட்டாரு. வேணும்னே என் பேரை வெட்டி, பொம்பள பேரை மட்டும் வாசிச்சு, ஊருக்கு முன்னாடி என்னைய அசிங்கப்படுத்திட்டாரு. இருபத்தோரு வருசம் பாப்பா! அடுத்த பஸ்ஸுக்கே மெட்ராசுக்குக் கிளம்பிட்டேன்.

உங்க ஆபீஸ் கண்ணாடிக் கதவு, ஏசி. காலையில பதினோரு மணிக்கு ஐயா நேயர்களைப் பாப்பாருன்னாங்க. ஒரு சின்ன அறை. அவரைப் பாத்ததும் எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. அந்தக் குரலுக்கு ஆறடி ஆளுன்னுல்ல நினைச்சிருந்தேன்? அத்தனூண்டு மனுசன். ஸ்வெட்டரு போட்டுக்கிட்டு, பிளாஸ்க்குல வெந்நி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பேரைச் சொன்னேன். எந்திரிச்சு ஓடி வந்தாரு. ‘வாடிப்பட்டி மாவுமில் கோட்டைச்சாமி ஐயாவா! உங்க எழுத்து முத்து முத்தா இருக்குமே’ன்னாரு. அலமாரியைத் திறந்து ஒரு பெரிய கார்டுக் கட்டைத் தூக்கி மேசையில வச்சாரு. எல்லாம் என் கார்டு. இருபத்தோரு வருசக் கார்டு. பழைய வானொலியை விட்டு வரும்போது வேற ஒண்ணும் எடுக்கலையாம், நேயர் கார்டை மட்டும் எடுத்துக்கிட்டு வந்தாராம். அந்த நிமிசமே கால்ல விழுந்துட்டு வந்திருந்தா எல்லாம் சரியாப் போயிருக்கும்.

ஆனாலும் கேட்டேன். ‘பஞ்சவர்ணம்னு வாசிச்சீங்களே, அந்தக் கார்டு எங்க’ன்னு.

உடனே எடுத்துக் குடுத்தாரு. சிரிச்ச முகமா, ‘இதுவும் நீங்க எழுதுனதுதானே? இந்தத் தடவை வீட்டு அம்மாவுக்காக மட்டும் கேட்டிருக்கீங்களேன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம்’ங்குறாரு. கார்டைப் பாத்தேன். மூணு வரி. பெயர், பஞ்சவர்ணம். ஊர், வாடிப்பட்டி. பாடல், நீங்களே எனக்கு ஒன்று போடுங்கள். எழுத்து என் எழுத்து பாப்பா! அதே சுழி, அதே கொம்பு. ஆனா நான் எழுதலையே! நான் சொல்லாத வரி என் எழுத்துல எப்படி வரும்? கள்ளக் கையெழுத்து. கட்டு நிறைய என் கார்டை வச்சிருக்காருல்ல, பாத்துப் பழகி எழுதியிருக்காரு.

‘நான் எழுதல’ன்னேன். கையை நீட்டிக் காட்டுனேன், பேனா பிடிக்கிற கையா இதுன்னு.

அவரு கையைப் பாத்தாரு. கார்டைப் பாத்தாரு. திரும்பக் கையைப் பாத்தாரு. அந்தக் கட்டையும் ஒரு தடவை பாத்தாரு. முகத்துல இருந்த சிரிப்பு அப்படியே வடிஞ்சு போச்சு. மாட்டிக்கிட்டாருல்ல. கார்டை வெடுக்குன்னு எங்கையிலருந்து வாங்கி ஸ்வெட்டருக்குள்ள சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. போட்டுக்கிட்டுச் சொல்றாரு, ‘மன்னிச்சுக்கங்க ஐயா. அதை நான்தான் எழுதுனேன். நானே எழுதி நானே வாசிச்சேன். வீட்டுல யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல.’ அவரே ஒத்துக்கிட்டாரு! ‘வீட்டுல யாரையும் ஒண்ணும் சொல்லிடாதீங்க’ன்னு மறுபடியும் சொல்றாரு.

எழுபத்தஞ்சு கிலோ மூட்டையைத் தூக்கித் தோள்ல போடுற கை இது. ஒரு குத்து. தாடை ஒரு பக்கமாப் போயிருச்சு. நாலு பல்லு மேசையில, என் கார்டு மேலயே விழுந்துச்சு. ‘அந்தக் கள்ளக் கார்டைக் குடு’ன்னு சட்டைப் பையில கை வச்சேன். குடுக்க மாட்டேங்குறாரு! எவனும் அடி விழும்போது முகத்தைத்தானே மறைப்பான்? இவரு முகத்தை மறைக்கல, ரெண்டு கையாலயும் பையைப் பொத்திக்கிட்டாரு. அதுக்கு இன்னும் ரெண்டு. தரையில விழுந்தும் பொத்திக்கிட்டே கிடக்காரு. ஸ்வெட்டரெல்லாம் ரத்தம். அந்தக் கார்டுல அப்படி என்னய்யா இருக்கு?

வாட்ச்மேனுக வந்து என்னையப் பிடிச்சு இழுத்தாங்க. அடிச்சானுக, நல்லாவே அடிச்சானுக. ஐயா தரையில கிடந்தபடியே கையை ஆட்டுறாரு, விடுங்க விடுங்கன்னு. பேச வரல. ஒரு தாளை எடுத்து எழுதி எங்கையில குடுத்தாரு. ‘வீட்டில் யாரையும் அடிக்காதீர்கள்’னு எழுதியிருக்கு. நான் வீட்டுல அடிச்சேன்னு இவருகிட்ட யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லல. ஆனாலும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பெரிய மனுசன், வாயெல்லாம் ரத்தமாக் கேக்குறாரு. சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். நாலு நாள் அடிக்கல. முழுசா நாலு நாள்.

போலீசுக்கும் போகல அவரு. படியில தவறி விழுந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாராம். கேசு போட்டா அந்தக் கார்டு வெளிய வந்துரும்ல, கள்ளக் கையெழுத்து போட்டது தெரிஞ்சுரும்ல. அதான்.

அன்னையிலருந்து அவரு குரல் கிடையாது. தாடையைக் கம்பி வச்சுக் கட்டியிருக்காங்களாம், பேசுனா காத்துத்தான் வருதாம். உங்க கம்பெனியும் அப்படியே விட்டுட்டு ஒரு சின்னப் புள்ளையைக் கொண்டாந்து உக்கார வச்சுட்டீங்க. நியாயமா இது? இருபத்தோரு வருசம் கேட்டவங்க நாங்க என்ன ஆவோம்னு ஒருத்தராவது நினைச்சீங்களா? என் பேரை யாரு சொல்லுவா இனிமே? அந்தப் புதுப் புள்ளைக்கு எழுதிப் போட்டேன், ‘மாவுமில் கோட்டைச்சாமி அங்கிளுக்கு ஹாய்’ங்குறா. ஹாய்! நான் மறுபடியும் மூட்டை மேல உக்காந்து அழுதேன் பாப்பா. இந்தத் தடவை யாரும் பாக்கல.

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க. ஞானவரதன் ஐயாவா? ஐயாவா உங்ககிட்டச் சொல்லிவிட்டாரு, வாடிப்பட்டி போனா விசாரிச்சுட்டு வான்னு? என்னையவா? எங்க வீட்டுலயா? எங்க வீட்டுல நல்லாருக்காளான்னு கேட்டாரா? பாத்தீங்களா, பாத்தீங்களா! அடிச்சவன் வீட்டைக் கூட விசாரிக்கிறாரு. அந்தக் காலத்து மனுசன்னா அந்தக் காலத்து மனுசன்தான். இப்ப ரேடியோவுல பேசுறவளுக்கு வருமா இந்தக் குணம்?

ஃபாரமா? குடுங்க. கார்பன் வச்சிருக்கா, ரெண்டு காப்பியா? சரி. எனக்குப் பேனா நிக்காது, கண்ணாடியைப் போன வாரம் நானே மிதிச்சு உடைச்சுட்டேன். ஏய், இந்தா, இங்க வா. வா, கையைத் துடைச்சுட்டு வா. பாப்பாகிட்டருந்து வாங்கி எழுது. நான் சொல்றேன். எழுது: ‘ஞானவரதன் ஐயா மறுபடியும் வர வேண்டும். குரல் போனால் பரவாயில்லை. பேரு மட்டும் வாசித்தால் போதும். பாட்டுக்கு முந்தி யாரும் பேசக் கூடாது. கம்ப்யூட்டரை எடுத்து விட வேண்டும்.’ எழுதிட்டியா?

அஞ்சு வரிதானே சொன்னேன், இன்னும் என்னத்த எழுதுற? சரி, அழகா எழுது, பாப்பா பாக்கட்டும் என் எழுத்து எப்படி இருக்கும்னு.

ஏன் பாப்பா, படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு உங்களுக்கு? நான் சொன்னா அப்படித்தான், மன்றத்துல எல்லாரும் சொல்லுவாங்க, உருக்கமா இருக்கும்னு. கிளம்பிட்டீங்களா? காப்பி சாப்பிட்டுட்டுப் போகலாம்ல? மெயின் ரோட்டுக்கு வழி தெரியாதா? வந்த வழிதானே... சரி, ஏய், தெருமுனை வரைக்கும் போய்க் காட்டிட்டு வா. செருப்பு எதுக்கு, இந்தா இருக்கு முனை. மஞ்சப்பை எதுக்கு? கறிவேப்பிலையா? சரி சரி, வாங்கிட்டு வா. ரெண்டு மணிக்குள்ள வந்துரணும், தட்டைப் பிடிக்கணும்ல.

பாப்பா, ஹெல்மட்டை மாட்டுங்க. ஐயாவைக் கேட்டதாச் சொல்லுங்க. கோட்டைச்சாமி கேட்டாருன்னு சொல்லுங்க. பேரைச் சொல்லிச் சொல்லுங்க!

மேசையில ஃபாரத்தோட கார்பன் காப்பியை விட்டுட்டுப் போயிருக்கு அந்தப் புள்ள. பாப்பா! இது எனக்கா? நானே வச்சுக்கிறதா? போயிருச்சா? தெருமுனையில வண்டி நிக்கிற மாதிரித்தான் தெரியுது... இல்ல, போயிருச்சு.

எங்க, தள்ளி வச்சுப் படிச்சாத் தெரியும். ‘நேயர் பெயர்... பஞ்சவர்ணம்.’ அடக் கூறுகெட்டவளே, மொதல்ல என் பேருல்ல வரணும்? ‘ஊர்...’ ஊரு ஒண்ணும் எழுதல. ‘கருத்து... ஐயா, நீங்கள் எனக்காகப் போட்ட பாட்டு எது என்று இன்னும் எனக்குத் தெரியாது. அன்று நான் மாடியில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் பல்லும் குரலும் என்னால்தான் போயின. மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள். நான் எங்கே இருந்தாலும் கேட்பேன்.’

இது என்னது?

எழுத்து என் எழுத்துதான். அதே சுழி. அதே கொம்பு. நான் இதைச் சொல்லலையே.

பாப்பா! ஏ பாப்பா! நில்லுங்க... ஏய், இந்தா...

பஞ்சவர்ணம்!